மூட்டு மாற்றிய முழங்காலில் பூஞ்சைத் தொற்று: எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாதவை

முழங்கால் மூட்டு மாற்று அறுவைக்கு முன்னால் கையெழுத்து வாங்கிய படிவத்தில் ரத்தக்கட்டு இருந்தது, மயக்க மருந்தால் வரக்கூடிய சிக்கல் இருந்தது, கிருமித் தொற்று என்று ஒரு வரியும் இருந்தது. பூஞ்சையைப் பற்றி ஒன்றும் இல்லை. அதைப் பெரிய குறையாகச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் அது அவ்வளவு அரிது. மூட்டு மாற்றிக்கொண்டவர்களில் நூற்றுக்கு ஒருவர் இருவருக்குத்தான் செயற்கை மூட்டில் தொற்று வருகிறது. அப்படித் தொற்று வந்தவர்களிலும் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான் காரணம் பூஞ்சையாக இருக்கிறது. ஆனால் அந்த ஒருவர் நாமாக இருந்துவிட்டால், விசாரிக்க ஆள் கிடைக்காது. தெரிந்தவர்களிலும் யாருக்கும் வந்திருக்காது, பல டாக்டர்களே ஓரிருவரைத்தான் பார்த்திருப்பார்கள். நான் தனியாக வசிப்பவள். பிள்ளைகள் தூரத்தில் இருக்கிறார்கள். ஏறக்குறைய இரண்டு வருடத்தையும் சேமிப்பில் பெரும்பகுதியையும் இந்த முழங்கால் எடுத்துக்கொண்டது. இதை முன்பே யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் அதில் பாதிக் காலமாவது மிஞ்சியிருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன். அதனால் எழுதுகிறேன். மருந்தையும் அளவையும் உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். என்ன கேட்க வேண்டும் என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

எனக்குப் பல வருடங்களாகச் சர்க்கரை நோய் உண்டு. அறுவைக்கு முந்தைய மாதங்களில் வலி பொறுக்காமல் போனபோது அதே முழங்காலில் ஸ்டீராய்டு ஊசியும் போட்டார்கள். இரண்டுமே தொற்று வரும் வாய்ப்பைக் கூட்டுபவை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் மாற்று அறுவைக்குக் குறைந்தது 3 மாதமாவது இடைவெளி விட வேண்டும் என்கிறார்கள். ஊசி ஒரு டாக்டர் போட்டு, அறுவை இன்னொரு டாக்டர் செய்வதாக இருந்தால் இந்தத் தகவல் இருவருக்கும் நடுவில் காணாமல் போய்விடும். ஊசி போட்ட தேதியை நீங்களே சொல்லிவிடுங்கள். அப்புறம், கடைசி மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி எவ்வளவு என்று பார்த்துவிட்டுத்தான் தேதி குறிக்க வேண்டும். 7.5, 8 என்று ஆளுக்கு ஆள் ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் இருந்தால் சில மாதம் தள்ளிப்போடுவதில் நஷ்டமே இல்லை.

அறுவை நல்லபடியாகத்தான் நடந்தது. ஆனால் தையலின் கீழ் முனையில், முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே, ஒரு இடம் காயவே இல்லை. கட்டை மாற்றும்போதெல்லாம் பஞ்சில் ஒரு நாணய அளவுக்கு வெளிர்மஞ்சளாக ஈரம் இருக்கும். நாற்றம் இல்லை, சீழ் இல்லை. போனில் கேட்டால், "சில பேருக்கு அப்படித்தாம்மா இருக்கும், மாத்திரையைத் தொடர்ந்து போடுங்க" என்றார்கள். ஒரு ஆன்டிபயாடிக் முடிந்ததும் அடுத்தது எழுதினார்கள். வாரக்கணக்கில் அது ஓடியது. கசிவு கடைசியில் நின்றுவிட்டது, நானும் நிம்மதியானேன். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அறுவைக்குப் பின் கசிவு ஒரு வாரத்தைத் தாண்டினால் அறுவை செய்த டாக்டரே நேரில் பிரித்துப் பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் உள்ளே திறந்து கழுவ வேண்டியும் வரும். போனில் கேட்டு, ஊகத்தில் ஆன்டிபயாடிக் நீட்டிக்கொண்டே போவது அதற்கு மாற்றாகாது. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும், பூஞ்சையை ஒன்றும் செய்யாது. நம் உடம்பில் பூஞ்சையை அடக்கி வைத்திருக்கும் நல்ல பாக்டீரியாக்களையும் சேர்த்து அழித்து, அதற்கு இடம் பண்ணிக் கொடுக்கும்.

நாலைந்து மாதம் கழித்துத்தான் உண்மையான தொல்லை தொடங்கியது. தொல்லை என்று சொல்லக்கூடத் தயக்கமாக இருந்தது, அவ்வளவு மெதுவாக வந்தது. காய்ச்சல் இல்லை. மடங்கிக்கொண்டிருந்த முழங்கால் கொஞ்சம் கொஞ்சமாக மடங்க மறுத்தது. சாயங்காலத்தில் வீங்கியது. படுத்திருக்கும்போது, எடையே போடாத நேரத்திலும், உள்ளே ஒரு மந்தமான வலி இருந்துகொண்டே இருந்தது. காலையில் எழுந்ததும் புறங்கையை இரண்டு முழங்காலிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பேன். அறுவை செய்த பக்கம் எப்போதும் கொஞ்சம் சூடாக இருக்கும். அறுவைக்குப் பிறகு சில மாதங்களுக்குச் சூடு இருப்பது சகஜம்தான். ஆனால் அது குறைந்துகொண்டே வர வேண்டும். எனக்குக் குறைந்து, மறுபடி ஏறியது. அந்த ஏற்றத்தைத்தான் நான் டாக்டரிடம் சொல்லிப் பார்த்தேன். பிசியோ போதவில்லை என்றார்கள். வலியைத் தாங்கும் சக்தி எனக்குக் குறைவு என்றார்கள். வயதைச் சொன்னார்கள். அந்த நாட்களில் நான் என்னையே சந்தேகப்பட்டேன். இல்லாத வலியைக் கற்பனை செய்கிறேனோ என்று இரவில் விழித்துக்கொண்டு யோசித்திருக்கிறேன். யாராவது உடன் இருந்து "இல்லை, நிஜமாகவே வீங்கியிருக்கிறது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும் என்று தோன்றும். அதற்காகவே போட்டோ எடுக்க ஆரம்பித்தேன். இரண்டு காலையும் சேர்த்து, அதே இடத்தில், அதே வெளிச்சத்தில். தேதி வாரியாகக் காட்டியபோது பேச்சு மாறியது. தனியாக இருப்பவர்களுக்கு இது பெரிய சாட்சி.

ரத்தத்தில் ஈஎஸ்ஆர், சிஆர்பி என்று இரண்டு பரிசோதனை எடுப்பார்கள். உடம்பில் எங்கேயோ அழற்சி இருக்கிறதா என்று காட்டுபவை. சிஆர்பி 10-க்குள் இருந்தால் பொதுவாகப் பயமில்லை என்பார்கள். எனக்குப் பத்துக்குச் சற்று மேலே போவதும் கீழே வருவதுமாக இருந்தது. பாக்டீரியாத் தொற்றில் ஏறுவதுபோலப் பூஞ்சையில் அது எகிற வேண்டும் என்றில்லை, சிலருக்குச் சரியாகவே இருக்கும். "ரத்தம் சுத்தமாக இருக்கிறது, அதனால் தொற்று இல்லை" என்று யாராவது சொன்னால் அங்கேயே நின்றுவிட வேண்டாம். அடுத்த கேள்வி, மூட்டிலிருந்து நீர் எடுத்துப் பார்க்கலாமா என்பதுதான்.

எனக்கு நீர் எடுத்தார்கள். ஆனால் அப்போது நான் ஆன்டிபயாடிக் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்த நீரில் கிருமி வளர்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட் சில நாளில் வந்தது, கிருமி எதுவும் வளரவில்லை என்று. அந்த ஒரு வரியை வைத்து என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனால் அதே ரிப்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை இருந்தது. மூட்டு மாற்றிச் சில மாதமான முழங்காலில் அது ஒரு மைக்ரோலிட்டருக்கு 3000-ஐத் தாண்டினாலே தொற்றைச் சந்தேகிக்க வேண்டும். எனக்கு அதைவிடப் பல மடங்கு இருந்தது. இதை இரண்டாவதாகப் பார்த்த டாக்டர்தான் விரலை வைத்துக் காட்டினார். முதல் நாளே அந்த எண்ணை யாராவது பார்த்திருந்தால் எனக்கு அரை வருடம் மிச்சமாகியிருக்கும். அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை. ரிப்போர்ட்டை முழுதாகக் கேட்டு வாங்குங்கள். கல்ச்சர் முடிவு, அணு எண்ணிக்கை, அதில் நியூட்ரோஃபில் என்ற வகை வெள்ளை அணு எத்தனை சதவீதம் என்று மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள்.

அந்த இரண்டாவது டாக்டர் செய்த முதல் காரியம், எல்லா ஆன்டிபயாடிக்கையும் நிறுத்தச் சொன்னது. இரண்டு வாரமாவது மருந்தில்லாமல் இருந்தால்தான் அடுத்த கல்ச்சரை நம்பலாம் என்றார். காய்ச்சலும் நடுக்கமும் உள்ளவர்களுக்கு அப்படிக் காத்திருக்க முடியாது, எனக்கு முடிந்தது. அவர் மறுபடி நீர் எடுத்தபோது நான் ஊசிக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். மங்கலான மஞ்சள் நிறம், கொஞ்சம் கலங்கல். சீழ் என்று சொல்ல முடியாது. பரிசோதனைச் சீட்டில் வழக்கமான வரிகளுக்குக் கீழே அவர் தன் கையால் இன்னொரு வரி எழுதினார்: பூஞ்சைக் கல்ச்சரும் போட வேண்டும், 4 வாரம் வைத்திருக்க வேண்டும். அந்த ஒரு வரிதான் எனக்கு வழி திறந்தது. சாதாரணக் கல்ச்சர் தட்டுகளைப் பல ஆய்வகங்களில் ஐந்து நாளில் எடுத்துவிடுவார்கள். பூஞ்சைக்குத் தனி ஊடகம் வேண்டும், அது வளரப் பொறுமையும் வேண்டும். டாக்டர் எழுதிக் கேட்டால்தான் அதைச் செய்வார்கள். ஆகவே, ஆன்டிபயாடிக் பலனளிக்காமல், கல்ச்சரிலும் எதுவும் வளராமல், முழங்கால் மட்டும் வீங்கிக்கொண்டே இருந்தால், "பூஞ்சைக்கும் காசநோய்க் கிருமிக்கும் கல்ச்சர் போட்டாச்சா டாக்டர்?" என்று கேளுங்கள். எந்த நல்ல டாக்டரும் அந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

ஒரு வாரத்துக்குள்ளேயே வளர்ந்துவிட்டது. கேன்டிடா பாராப்சிலோசிஸ். செயற்கை மூட்டில் வரும் பூஞ்சைத் தொற்றில் பெரும்பாலானவை கேன்டிடா வகைதான். இந்த பாராப்சிலோசிஸ் மனிதத் தோலில், கைகளில் சாதாரணமாகவே வாழும். அதனாலேயே ஒரு தடவை வளர்ந்தால், எடுக்கும்போது தோலிலிருந்து ஒட்டிக்கொண்டிருக்கும் என்று ஒதுக்கிவிடும் ஆபத்தும் உண்டு. இவர் ஒதுக்கவில்லை. இன்னொரு முறை நீர் எடுத்தார், அதிலும் அதே பூஞ்சை வந்தது. சந்தேகம் தீர்ந்தது.

விஷயம் தெரிந்ததும் சொந்தக்காரர்கள் சிலர் என் வீட்டுச் சுத்தத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். பூஞ்சை என்றதும் ஈரச் சுவரும் அழுக்குத் துணியும்தான் அவர்களுக்கு ஞாபகம் வந்தது. ஒட்டிக்கொள்ளுமோ என்று ஒருவர் கேட்டார். அது என்னைக் காயப்படுத்தியது, மறைக்க விரும்பவில்லை. இந்தப் பூஞ்சை நலமாக இருக்கும் பலரின் தோலிலும் குடலிலும் இருப்பது. எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும்போதும், நீண்ட நாள் ஆன்டிபயாடிக் ஓடும்போதும், காயம் மூடாமல் இருக்கும்போதும் அது உள்ளே போக வழி கிடைக்கிறது. மூட்டுக்குள் இருக்கும் தொற்று பக்கத்தில் இருப்பவருக்குப் பரவாது. களிம்பு தடவினாலும் போகாது, அந்த ஆழத்துக்கு எந்தக் களிம்பும் எட்டாது.

அடுத்து வந்ததுதான் என்னை உட்கார வைத்துவிட்டது. மூட்டையே கழற்ற வேண்டும் என்றார். மாத்திரை கொடுத்துப் பார்க்க முடியாதா என்று கெஞ்சினேன். அவர் பொறுமையாக விளக்கினார். தண்ணீர்த் தொட்டியின் உட்சுவரில் வழுவழுவென்று பாசி பிடிப்பதுபோலப் பூஞ்சை உலோகத்திலும் பிளாஸ்டிக்கிலும் ஒரு படலம் போட்டு உட்கார்ந்துகொள்கிறது. ரத்தத்தின் வழியாகப் போகும் மருந்து அந்தப் படலத்துக்குள் சரியாக இறங்காது. மூட்டை அப்படியே வைத்துக்கொண்டு கழுவி மட்டும் விடும் முறை, பூஞ்சையில் பெரும்பாலும் தோற்றுவிடுகிறது. இன்னொரு அறுவை தாங்க முடியாத உடல்நிலை உள்ளவர்களுக்கு மட்டும், கழற்றாமல் காலம் முழுக்க மாத்திரையால் அடக்கி வைப்பார்கள். எனக்கு அந்த நிலை இல்லை. அதனால் இரண்டு கட்டமாக முடிவானது: முதலில் கழற்றிச் சுத்தம் செய்து, நடுவில் மாதக்கணக்கில் மருந்து கொடுத்து, பிறகு புது மூட்டு.

அந்த முடிவுக்கு முன்னால் நான் இன்னொரு டாக்டரிடம் காட்டினேன். அதை எல்லாரும் செய்ய வேண்டும் என்பேன். அங்கே நான் கேட்டவை: பூஞ்சை பிடித்த மூட்டை முன்பு கழற்றி மாற்றியிருக்கிறீர்களா? தொற்றுநோய் நிபுணர் உங்களோடு சேர்ந்து பார்ப்பாரா? வளர்ந்த பூஞ்சைக்கு எந்த மருந்து கேட்கும் என்ற பரிசோதனை செய்தாகிவிட்டதா? கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். ஃப்ளூகோனசோல் மாத்திரைக்கு கேன்டிடா க்ரூசெய் இயல்பிலேயே கட்டுப்படாது, கிளாப்ரட்டா பல நேரம் கட்டுப்படாது, 2009-இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட கேன்டிடா ஆரிஸ் பெரும்பாலும் கட்டுப்படாது. பூஞ்சை என்று பொதுவாகத் தெரிந்தால் போதாது, எந்தப் பூஞ்சை என்ற பெயர் வேண்டும். எலும்பு டாக்டர் ஒருவரே இதையெல்லாம் சமாளிப்பதைவிடத் தொற்றுநோய் நிபுணர் கூட இருந்தது எனக்குப் பெரிய பலமாக இருந்தது.

முதல் கட்ட அறுவையில் பழைய மூட்டை எடுத்து, சுற்றியிருந்த கெட்ட திசுவைச் சுரண்டி, பல இடங்களிலிருந்து மாதிரி எடுத்து அனுப்பினார்கள். ஒரே இடத்தில் எடுத்தால் தவறிப் போகலாம், ஐந்தாறு இடத்தில் எடுப்பார்கள். ஒரு பகுதி கல்ச்சருக்கும், ஒரு பகுதி நுண்ணோக்கியில் பார்க்கும் திசுப் பரிசோதனைக்கும் போக வேண்டும். காலியான இடத்தில் எலும்பு சிமெண்டால் செய்த ஒரு தற்காலிக மூட்டை வைத்தார்கள். ஸ்பேசர் என்கிறார்கள். அந்தச் சிமெண்டிலேயே ஆம்ஃபோடெரிசின் என்ற பூஞ்சை மருந்தையும், கூடவே ஆன்டிபயாடிக்கையும் கலந்திருந்தார்கள். பூஞ்சையோடு பாக்டீரியாவும் சேர்ந்து இருப்பது அடிக்கடி நடக்கிறதாம். ஸ்பேசரில் மடக்க முடிந்தது ஒன்று, மடக்க முடியாதது ஒன்று என இரண்டு வகை. எனக்குக் கொஞ்சம் மடங்கும் வகை. எது வைக்கப் போகிறார்கள் என்பதை முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் அடுத்த சில மாதம் உங்கள் குளியலறையும் கட்டிலும் நாற்காலியும் அதற்கேற்ப மாற வேண்டும்.

மருந்தைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன். தொடக்கத்தில் கேஸ்போஃபங்கின் என்ற மருந்து ஊசி வழியாக ஏறியது. படலத்துக்குள்ளும் ஓரளவு வேலை செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தது, ஆனால் மாத்திரையாகக் கிடையாது. தினமும் சுமார் ஒரு மணி நேரம் டிரிப்பில் ஏற்ற வேண்டும். அதற்காக மேல்கையில் ஒரு நீண்ட குழாயை வைத்து விட்டார்கள். இரண்டு வாரம் இது, பிறகு ஃப்ளூகோனசோல் மாத்திரை என்று திட்டம். மொத்தம் 6 வாரம் என்பது குறைந்தபட்சம், செயற்கை மூட்டு சம்பந்தப்பட்டால் பெரும்பாலும் மாதக்கணக்கில் போகும் என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். சிலருக்கு ஆம்ஃபோடெரிசினையே ரத்தத்தில் ஏற்றுவார்கள். அது சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும், பொட்டாசியத்தையும் மெக்னீசியத்தையும் இறக்கிவிடும், ஏற்றும்போது குளிரும் நடுக்கமும் வரலாம். அதை ஏற்றினால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் பொட்டாசியமும் அடிக்கடி பார்க்கிறார்களா என்று கவனியுங்கள். கைக்குழாய் வைத்திருப்பவர்கள் அதை நனையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், தொடுபவர் கை கழுவினாரா என்று கூச்சப்படாமல் கேட்க வேண்டும். அந்தக் குழாயே புதுத் தொற்றுக்கு வாசலாகிவிடும். குழாய் இருக்கும்போது குளிர்க்காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

பணம் அதிகம் கரைந்தது இங்கேதான். அறுவைக்கும் படுக்கைக்கும் காப்பீடு கொடுத்தது. வீட்டுக்கு அனுப்பிய பிறகு தினமும் போய் ஏற்றிக்கொண்ட மருந்துக்கும், மாதக்கணக்கில் வாங்கிய மாத்திரைக்கும், வாடகை வண்டிக்கும், திரும்பத் திரும்ப எடுத்த ரத்தப் பரிசோதனைக்கும் பெரும்பாலும் என் கையிலிருந்துதான் போனது. ஆஸ்பத்திரியை விட்டு வரும் முன்பே, வெளியில் தொடரும் ஊசி மருந்துக்குக் காப்பீடு உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இல்லை என்றால், ஊசி முடியும்வரை உள்நோயாளியாக இருக்க முடியுமா, ஒத்த மருந்தில் விலை குறைந்தது இருக்கிறதா என்று அப்போதே பேசிவிடலாம். பிறகு பேசினால் யாரும் கேட்பதில்லை.

ஃப்ளூகோனசோலைச் சாதாரண மாத்திரை என்று நினைத்துவிடாதீர்கள். அது தொடங்கிய முதல் வாரத்தில் ஒரு விடியற்காலை உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறி விழித்தேன். சர்க்கரையைக் குத்திப் பார்த்தால் 54. வாக்கரைப் பிடித்து எழுந்திருக்கக்கூட முடியவில்லை. தலைமாட்டில் குளுக்கோஸ் வைத்திருந்ததால் பிழைத்தேன். வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரத்தில் அந்தப் பத்து நிமிடம் எப்படி இருந்தது என்று இப்போது எழுதும்போதும் கை குளிர்கிறது. காரணம் எளிது. நான் சர்க்கரைக்கு கிளிமெபிரைடு சாப்பிட்டேன். அதைக் கல்லீரல் சிதைப்பதை ஃப்ளூகோனசோல் தடுக்கிறது. அதனால் அதே அளவு மாத்திரை உடம்பில் அதிக நேரம் தங்கி, சர்க்கரையை இழுத்து இறக்கிவிடுகிறது. ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் வார்ஃபரினோடும் இப்படித்தான், ரத்தம் தேவைக்கு மேல் நீர்த்துவிடும். கொழுப்புக்குச் சாப்பிடும் சில ஸ்டேட்டின் மாத்திரைகளோடு சேர்ந்தால் தசைவலி, தசைச் சிதைவு வரலாம். இதயத் துடிப்புக்கும் மனநலத்துக்கும் வலிப்புக்கும் தரும் சில மருந்துகளோடும் மோதும். ஆகவே பூஞ்சை மருந்து தொடங்கும் நாளில், சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு டாக்டர் மேஜையில் கொட்டிவிடுங்கள். "இதில் எதைக் குறைக்கணும், எதை நிறுத்தணும்?" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். நிறுத்தும் நாளிலும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும், ஏனென்றால் குறைத்த மருந்துகளை அப்போது மறுபடி கூட்ட வேண்டியிருக்கும். தொடக்கத்தில் ஒரு ஈசிஜி, பிறகு அவ்வப்போது கல்லீரல் பரிசோதனை. நீண்ட நாள் சாப்பிட்டால் உதடு வெடிக்கும், தோல் வறளும், முடி கொட்டும். எனக்கு மூன்றும் வந்தது. முடி கொட்டியது மருந்து நின்ற பிறகு சரியாகிவிட்டது. அதற்காக நடுவில் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

ஸ்பேசரோடு இருந்த மாதங்கள்தான் மனதளவில் கடினமாக இருந்தன. காலில் முழு எடை போடக் கூடாது, வாக்கர் இல்லாமல் ஓரடி கிடையாது. வாக்கரைப் பிடித்தால் இரண்டு கையும் போய்விடும், ஒரு டம்ளர் தண்ணீரைக்கூட ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோக முடியாது. வாக்கரின் முன்கம்பியில் ஒரு துணிப்பை கட்டி, மூடியுள்ள பாட்டிலில் தண்ணீர், போன், குளுக்கோஸ், மாத்திரை டப்பா எல்லாம் அதில் வைத்துக்கொண்டேன். கழிப்பறையில் கைப்பிடியும் உயரமான இருக்கையும் அறுவைக்கு முன்பே பொருத்தியாக வேண்டும், வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது நடக்காது. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் ஒரு சாவி கொடுத்து வைத்தேன். காலையில் நான் ஒரு மெசேஜ் அனுப்ப வேண்டும், வராவிட்டால் அவள் கதவைத் திறந்து பார்க்க வேண்டும் என்று பேசிக்கொண்டோம். அந்த ஏற்பாடு எனக்கு எந்த மருந்தையும் விடக் குறைந்ததில்லை. ஆனாலும் அழுதேன். நிறைய நாள் அழுதேன். புது மூட்டு வைத்தும் திரும்ப வந்துவிட்டால் என்ற பயம், காலையே எடுக்க வேண்டி வருமோ என்ற பயம். அதை டாக்டரிடம் வாய்விட்டுக் கேட்ட பிறகுதான் தூக்கம் வந்தது. அவர் மறைக்காமல் சொன்னார்: திரும்ப வருவது உண்டு, பாக்டீரியாவைவிடப் பூஞ்சையில் அது அதிகம், எல்லாம் தோற்றால் மூட்டைப் பூட்டி நேராக வைப்பதும் அரிதாகக் காலை எடுப்பதும் கடைசி வழிகள், ஆனால் நாம் அந்த இடத்துக்குப் பக்கத்தில்கூட இல்லை. தெளிவாகக் கேட்ட கெட்ட செய்தியோடு என்னால் வாழ முடிந்தது, மழுப்பலோடுதான் முடியவில்லை.

இந்த இடைக்காலத்தைச் சும்மா படுத்துக் கழிக்கக் கூடாது. தொடைத் தசை வெகு வேகமாகச் சூம்பிவிடும். என் தொடையை நாடாவால் அளந்தபோது இரண்டு காலுக்கும் இருந்த வித்தியாசம் எனக்கே அதிர்ச்சியாக இருந்தது. ஸ்பேசரை அசைக்காமலேயே தொடைத் தசையை இறுக்கி விடும் பயிற்சியும், பாதத்தை மேலும் கீழும் அசைக்கும் பயிற்சியும் படுக்கையிலேயே செய்யலாம். பாதத்தை அசைப்பது ரத்தக்கட்டைத் தடுக்கவும் உதவும். புரதம் போதுமா என்று பார்க்க ரத்தத்தில் அல்புமின் எடுத்துப் பார்த்தார்கள், 3.5-க்குக் கீழே இருந்தால் காயம் சரியாக ஆறாமல் போகலாம் என்று உணவை மாற்றினார்கள். சர்க்கரையும் இந்த மாதங்களில்தான் ஒழுங்குக்கு வந்தது.

இரண்டாவது கட்டத்துக்கு எப்போது போகலாம் என்பதற்கு ஒரே விடை இல்லை. என் டாக்டர் பார்த்தது: காயம் முழுக்க ஆறியிருக்கிறதா, சிஆர்பி தொடர்ந்து இறங்கி நின்றுவிட்டதா, சூடும் வீக்கமும் போய்விட்டதா. மருந்தைச் சிறிது காலம் நிறுத்தி, மறுபடி நீர் எடுத்தும் பார்த்தார். இப்படி நிறுத்திப் பார்ப்பதை எல்லாரும் செய்வதில்லை, சிலர் நிறுத்தாமலேயே அறுவைக்குப் போவார்கள். உங்களுக்கு எது, ஏன் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே ஒரு ரத்த முடிவைப் பார்த்துப் பதற வேண்டாம், சளி பிடித்தால்கூட சிஆர்பி ஏறும். வரிசையாகப் பார்த்தால்தான் போக்கு தெரியும்.

புது மூட்டு வைத்தபோதும் மாதிரிகள் அனுப்பினார்கள், எதிலும் பூஞ்சை வளரவில்லை. எலும்பு கொஞ்சம் போயிருந்ததால், எலும்புக்குள் நீண்டு இறங்கும் தண்டுள்ள மூட்டு வைக்க வேண்டியிருந்தது. அதன் பிறகும் பல மாதம் ஃப்ளூகோனசோல் தொடர்ந்தது. இப்போது மாத்திரை நின்றுவிட்டது. முழங்கால் தொண்ணூறு டிகிரிக்குச் சற்று மேல் மடங்குகிறது. முதல் மூட்டில் கிடைத்த வளைவு கிடைக்கவில்லை, கிடைக்காது என்றும் சொல்லிவிட்டார்கள். படி ஏற ஒவ்வொன்றாகக் கால் வைக்க வேண்டும். ஆனால் படுத்திருக்கும்போது வலி இல்லை. புறங்கை வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கின்றன. இன்னும் சில மாதத்துக்கு ஒருமுறை சிஆர்பி பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எந்த டாக்டரிடம் போனாலும் ஒரு கோப்பு என் கையில் இருக்கும். ஒவ்வொரு அறுவையின் குறிப்பு, மூட்டுப் பெட்டியில் வந்த ஸ்டிக்கரின் நகல், எல்லா கல்ச்சர் ரிப்போர்ட்டும் அதில் "வளரவில்லை" என்று வந்தவை உட்பட, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்ற அட்டவணை, எந்தத் தேதியில் எந்த மருந்து தொடங்கி எப்போது நின்றது என்ற ஒரு பக்கக் குறிப்பு. வேறு ஏதோ நோய்க்காக யாராவது ஆன்டிபயாடிக்கோ ஸ்டீராய்டோ எழுதினால் அந்த ஒரு பக்கத்தை முதலில் காட்டுகிறேன். மூட்டில் மறுபடி சூடோ வீக்கமோ வந்தால் எந்த ஆன்டிபயாடிக்கும் தொடங்கும் முன் நீர் எடுக்க வேண்டும், பூஞ்சைக் கல்ச்சரும் போட வேண்டும் என்று அதன் மேலேயே சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெண்ணிடமும் ஒரு நகல் இருக்கிறது.